கோட்டு லைனிங்குக்குள் கிடைத்த டிக்கெட்: இது எந்த ஊர், எந்தக் காலம்?

தையல்கடை, கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். புதுத் துணி தைப்பது குறைவு. ஸ்வெட்டருக்கு ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு லைனிங் போடுவது, பேண்ட் இடுப்பைப் பிடிப்பது, இதுதான் பிழைப்பு. வேலைக்கு வரும் எந்த உடுப்பையும் பாக்கெட்டைத் துழாவிப் பார்க்காமல் மெஷினில் வைக்க மாட்டேன். காசு இருந்தால் கவரில் போட்டுப் பெயர் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பஸ் டிக்கெட் இருந்தால் மட்டும், "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பேன். கிட்டத்தட்ட எல்லோரும் தந்துவிடுவார்கள். ஒரே ஒரு பாட்டி தர மறுத்தார். மகளைக் கூடலூரில் கட்டிக்கொடுத்து முதல்முறை பார்த்துவிட்டு வந்த டிக்கெட்டாம். அதை மடித்து அந்த ஸ்வெட்டர் பாக்கெட்டிலேயே வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

இப்படிச் சேர்ந்தது இன்று 640-ஐத் தாண்டிவிட்டது.

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலையில் கோட்டு என்பது ஒருவர் ஆயுசோடு முடிகிற உடுப்பு இல்லை. அப்பா போட்டது மகனுக்கு, மகன் போட்டது பேரனுக்கு என்று வரும். பாக்கெட்டின் அடி மூலைதான் முதலில் பிய்யும். அந்த ஓட்டை வழியாக டிக்கெட் லைனிங்குக்குள் இறங்கி, கீழ் மடிப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். துவைக்காத கம்பளிக் கோட்டு என்றால் அது எத்தனை வருடம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கும். என்னிடம் உள்ள நல்ல டிக்கெட்டுகள் எல்லாம் பாக்கெட்டில் கிடைத்தவை அல்ல, கீழ் மடிப்பைப் பிரித்தபோது கிடைத்தவைதான்.

போன மாதம் அரவேணு பக்கத்திலிருந்து ஒருவர் தன் தாத்தாவின் ஓவர்கோட்டைக் கொண்டுவந்தார். தாத்தா ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். கரும்பழுப்புக் கம்பளி, தூக்கினால் ஒரு குழந்தை கனம். மடிப்பைப் பிரித்தேன். புழுதி, நிலக்கடலைத் தோல், ஒரு ஹேர்பின், அப்புறம் நான்காக மடித்த ஒரு காகிதம். இரண்டு விரல் அகலம், உள்ளங்கை நீளம், வெளிறிய ரோஜா நிறம். ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே "டொராண்டோ டிரான்ஸ்போர்டேஷன் கமிஷன்", நடுவில் பெரிதாக "டிரான்ஸ்ஃபர்", அதற்குக் கீழே "புளூர்". ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். ஐந்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை.

விலை எங்குமே இல்லை. விலை போடாத டிக்கெட்டை நான் பார்த்ததே இல்லை. டிரான்ஸ்ஃபர் என்றால் வேலை மாற்றல் என்றுதான் எனக்குத் தெரியும். இது டிக்கெட்தானா, வேறு ஏதாவது ரசீதா?

இன்னும் இரண்டு கேள்வி. நம் ஊர்ப் பழைய அச்சு டிக்கெட்டில் தேதியே இருக்காது. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், ஆரம்பத்தில் விவரம் தெரியாமல் எண்பது டிக்கெட்டை மைதாப் பசை தடவிக் கணக்கு நோட்டில் ஒட்டிவிட்டேன். ஒரு மழைக்காலத்துக்குள் பூச்சி பாதியை அரித்துவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா? இப்போது மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டுகள் வேறு, இரண்டு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடுகின்றன. மனசு கேட்கவில்லை.

டிராம் தடம், சென்னை:

அக்கா, இது டிக்கெட்தான். விலை இல்லாததுதான் அதற்கு அடையாளமே!

அமெரிக்கா, கனடா ஊர்களில் டிராம் ஓடிய காலத்தில் ஒரே வண்டியில் எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. கிழக்கு மேற்காக ஒரு தடம், வடக்கு தெற்காக ஒரு தடம் என்று ஓடும். ஒருமுறை காசு கொடுத்தால் போதும். "நான் அந்தத் தடத்துக்கு மாற வேண்டும்" என்று சொன்னால், கண்டக்டர் இந்தச் சீட்டைக் கிழித்து, மணியில் ஓட்டை போட்டுத் தருவார். அடுத்த வண்டியில் இதைக் கொடுத்தால் திரும்பக் காசு கேட்க மாட்டார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது. நம் ஊரில் கட்டபெட்டில் இறங்கி வேறு பஸ் மாறினால் புது டிக்கெட் எடுக்கிறோமே, அங்கே அந்த இரண்டாவது டிக்கெட்டுக்குப் பதில் இது.

காசில்லாத சீட்டு என்பதால் அதை அடுத்தவருக்குக் கைமாற்றுவதும் நடந்தது. அதைத் தடுக்க என்னென்னவோ செய்திருக்கிறார்கள். 1892-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரக்காரர் ஒருவர் டிரான்ஸ்ஃபர் சீட்டில் முகங்களையே அச்சடித்துக் காப்புரிமை வாங்கினார். மீசை வைத்த ஆண், தாடிக்காரர், பெண் என்று வரிசையாக முகம் இருக்கும். வாங்குகிறவர் எந்த மாதிரியோ அந்த முகத்தில் கண்டக்டர் ஓட்டை போடுவார். மீசைக்காரருக்குக் கொடுத்த சீட்டை இளம்பெண் நீட்டினால் மாட்டிக்கொள்வார். டிரான்ஸ்ஃபர் சேர்ப்பவர்கள் அப்படி ஒன்று கிடைத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

உங்கள் சீட்டுக்கு வருகிறேன். கனடாவின் டொராண்டோவில் அந்தக் கமிஷன் 1921-இல் நகரத்து டிராம்களை எடுத்துக்கொண்டது. 1954-இல் பெயரில் ஒரு சொல்லை மாற்றி "டிரான்ஸிட் கமிஷன்" ஆக்கிவிட்டார்கள். உங்களுடையதில் "டிரான்ஸ்போர்டேஷன்" என்றே இருப்பதால் அந்த முப்பது வருடச் சொச்சத்துக்குள் அச்சானது. புளூர் என்பது அங்கே ஒரு பெரிய வீதி. அதில் டிராம் 1966 வரை ஓடியது, பிறகு பூமிக்கடியில் ரயில் வந்துவிட்டது. 1947-க்குப் பிந்தைய சீட்டு என்றால், துரை அதைக் காட்டி டிராலி பஸ்ஸில்கூட ஏறியிருக்கலாம். தண்டவாளம் இல்லாமல் ரப்பர் சக்கரத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ் அது. பம்பாயில்கூட 1962 முதல் 1971 வரை ஓடியது.

நம் சென்னையில் மின்சார டிராம் 1895 மே 7-இல் தொடங்கி 1953 ஏப்ரல் 12-இல் நின்றது. அந்த டிக்கெட் ஒன்றுக்காகப் பதினோரு வருடமாக அலைகிறேன். மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே இல்லை என்று கையை ஆட்டுவார்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் டொராண்டோ எடுத்திருக்கிறீர்கள், அக்கா!

ஒன்று மட்டும் கவனியுங்கள். பல ஊர்களில் இரண்டாவது வண்டியில் ஏறியதும் சீட்டை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் ஒருவர் கோட்டில் டிரான்ஸ்ஃபர் தங்கியிருக்கிறது என்றால், அவர் ஒருவேளை அந்த இரண்டாவது வண்டியில் ஏறவே இல்லை.

ஏரிக்கரை, கொடைக்கானல்:

நம் இரண்டு மலைக்கும் ஒரே சங்கடம், ஈரம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அக்கா.

மெஷின் டிக்கெட்டில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள் அது. வெயில், எண்ணெய்க் கை, பிவிசி பிளாஸ்டிக் கவர், மூன்றும் அதற்கு எமன். கிடைத்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், அது ஒன்றுதான் நிச்சயம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் முழுசும் கறுத்துப்போகும். கொடைக்கானலிலிருந்து பெரியகுளம் இறங்கிய டிக்கெட் ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன்.

பழைய அச்சு டிக்கெட்டுக்குப் பாலியெஸ்டர் உறை நல்லது. மலிவான போட்டோ ஆல்பம் பெரும்பாலும் பிவிசி, அது மையை உரித்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது. ரப்பர் உருகிப் பழுப்புக் கோடு விழும், பின் துருப்பிடிக்கும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து டின்னில் போடுங்கள். பூச்சிக்கு நீலகிரித் தைலம் தெளிக்கச் சொல்வார்கள், உங்கள் ஊரில் அது தண்ணீர் மாதிரி கிடைக்கும். வேண்டவே வேண்டாம், தாளில் எண்ணெய்க் கறை நிற்கும்.

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். மைதாப் பசை தண்ணீரில் இளகும், ஆனால் டிக்கெட் சாயமும் கூடவே ஓடிவிடும். நோட்டுத் தாளோடு சுற்றி வெட்டி, அப்படியே உறையில் போட்டுவிடுங்கள்.

இன்னொரு யோசனை. ஓட்டை போடாத, கிழிக்காத முழு டிக்கெட் கட்டு எங்காவது விலைக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்து ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகக் கட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ பேர் என்னைத் துளைக்கிறார்கள். பாக்கெட்டில் கசங்கிய டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை.

கண்டக்டர் (ஓய்வு), மஞ்சூர்:

அம்மா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். முப்பத்தொரு வருடம் பையைத் தோளில் மாட்டியவன் நான். நாங்கள் கிழித்துக் கொடுத்ததை இப்படிப் பொத்தி வைக்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

முதலில் அந்த ஓட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டிக்கெட்டின் இரண்டு ஓரத்திலும் எண் இருக்கிறது பாருங்கள், அது ஸ்டேஜ் எண், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தத்தின் எண். ஆள் ஏறின ஸ்டேஜில் பஞ்ச் போடுவோம். எதுவரை போகலாம் என்பதைக் கட்டணம் சொல்லிவிடும். நடுவழியில் செக்கிங் ஏறினால் இந்த இரண்டையும் வைத்துத்தான் பிடிப்பார்கள். எந்தத் தடம் என்று மட்டும் தெரிந்துவிட்டால், உங்கள் டிக்கெட்டுக்காரர் எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். அதனால் டிக்கெட் எந்த ஊர்க்காரர் உடுப்பில் கிடைத்தது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பேர் வேண்டாம், ஊர் போதும்.

இரண்டாவது, ஒரே மடிப்பில் இரண்டு மூன்று டிக்கெட் சேர்ந்து கிடைத்தால் பிரிக்காதீர்கள். கட்டணம் ஏறின புதிதில் அந்த விலைக்குக் கட்டு வந்திருக்காது. இரண்டு மூன்று விலையைக் கூட்டிக் கொடுப்போம். அதில் பாதியை எடுத்து வேறு பக்கத்தில் வைத்தால் ஒரு பயணம் உடைந்துபோகும்.

மூன்றாவது, லக்கேஜ் டிக்கெட். நம் மலையில் அதற்குத் தனி மதிப்பு. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவு. கேரட் மூட்டை மேலே, ஆள் உள்ளே. ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு போடுவோம். இறங்கினதும் மண்டியில் மூட்டையோடு மூட்டையாக அது தொலைந்துவிடும், ஒருவரும் பாக்கெட்டில் வைக்க மாட்டார்கள். உங்கள் 640-இல் ஒன்று இருந்தால்கூட அதிசயம்தான்.

மூடுபனி நாளில் டிக்கெட் கட்டே ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றைக் கிழித்தால் இரண்டு வரும். சீரியல் நம்பர் தாண்டினால் ராத்திரி கணக்கு உதைக்கும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் நம்பரை எழுதி முடிக்க வேண்டும். விரல் விறைத்துப்போய்ப் பென்சில் நிற்காது. உங்களிடம் உள்ள டிக்கெட்டில் எங்காவது மூலை அரைகுறையாகக் கிழிந்திருந்தால் அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா. அது குளிர்.

கொடைக்கானல் தம்பி சொன்னதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கிழிக்காத கட்டு என்பது எங்களுக்குப் பணம். ஒரு சீட்டு குறைந்தால் கண்டக்டர் கைக்காசு போக வேண்டும். கணக்கில் வராத முழுக் கட்டு கடைக்கு வருகிறது என்றால், எங்கோ ஒருவன் அதற்காகத் தலைகுனிந்து நின்றிருப்பான். அதோடு, அதில் யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் அதைப் பணம் கொடுத்து வாங்க மாட்டேன்.

ஏரிக்கரை, கொடைக்கானல்:

ஐயா, அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. கிடங்கு கழித்த தாளில் சட்டப்படி வந்ததும் இருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இனி வாங்க மாட்டேன்.

அச்சுக்கோப்பு, குன்னூர்:

காலம் கண்டுபிடிக்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் குன்னூரில் ஈய எழுத்து கோத்த காலத்து ஆள். எனக்கு டிக்கெட்டில் முதலில் தெரிவது எழுத்துதான்.

காசை முதலில் பாருங்கள். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன்போ, அதை ஒட்டியோ. "ந.பை." என்று இருந்தால் நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் இடையில். 1964 ஜூனில் "நயா" போய் வெறும் பைசா ஆனது. அடுத்தது கழகத்தின் பெயர். நம் பக்கம் பஸ் ஓட்டிய சேரன் போக்குவரத்துக் கழகம் 1972-இல் தொடங்கியது. 1997-இல் தலைவர்கள் பெயர், மன்னர்கள் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக்கினார்கள். ஆக, சேரன் என்றால் இந்த இருபத்தைந்து வருடத்துக்குள்.

அதற்குள்ளும் பிரிக்கலாம். "நிலை" என்ற சொல் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். லகரத்தின் தலைக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வளைந்து வந்தால் அது பழைய லை. இப்போது நாம் எழுதுவது போல இணைக்கொம்பு தனியாக முன்னால் நின்றால் புதியது. 1978 அக்டோபரில் அரசாணை வந்து ணை, லை, ளை, னை எல்லாம் மாறின. ணா, றா, னாவுக்கும் அப்படியே. ஆணை வந்த மறுநாளே அச்சகத்தில் ஈயம் மாறிவிடாது. பழைய எழுத்து தேயும்வரை ஓட்டுவோம். அதனால் துதிக்கை இருந்தால் 1978-க்கு முன் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். துதிக்கை இல்லையென்றால் 1978-க்குப் பின் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

தையல்கடை, கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடையை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் கட்டிங் மேஜையில் பரப்பினேன். சேரன் டிக்கெட் 212 இருக்கிறது. "நிலை" அச்சானவை அதில் 38. துதிக்கை உள்ளவை ஏழுதான். இவ்வளவு நாள் அந்த ஏழையும் மை பிசகிய டிக்கெட் என்று நினைத்து ஓரமாக வைத்திருந்தேன்.

மஞ்சூர் ஐயா, லக்கேஜ் டிக்கெட் ஒன்று இருக்கிறது! நெடுகுளாவிலிருந்து வந்த ஒரு ஸ்வெட்டரின் உள்பாக்கெட்டில் கிடைத்தது. விலை வேறு மாதிரி இருக்கிறதே என்று புரியாமல் வைத்திருந்தேன். அரைகுறையாகக் கிழிந்தவற்றையும் எடுத்துத் தனி உறையில் போட்டுவிட்டேன், "குளிர்" என்று எழுதி.

சென்னைத் தம்பி சொன்ன கடைசி வரி ராத்திரி தூங்கவிடவில்லை. காலையில் அந்த ஓவர்கோட்டை மறுபடி எடுத்து, வலது பாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அடி மூலையில் கையால் போட்ட தையல் இருக்கிறது. பழுப்பு நூல், பதினாறு தையல், நெருக்கமாகப் போட்டது. நம் ஊரில் இழுத்து முடிச்சுப் போடுகிற மாதிரி இல்லை, நூலைத் திரும்ப உள்ளே ஓட்டி முடித்திருக்கிறார்கள். அங்கே முன்பு ஓட்டை இருந்திருக்கிறது. யாரோ பிறகு அடைத்திருக்கிறார்கள். நான் பிரிப்பதற்கு முன் யாரும் மடிப்பைப் பிரித்த தடம் கீழே எங்கும் இல்லை. ஆகவே சீட்டு உள்ளே விழுந்தது ஓட்டை அடைபடுவதற்கு முன்னால்தான்.

துரை அந்த இரண்டாவது வண்டியில் ஏறாமல் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன் தம்பி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறியிருப்பார், பாக்கெட்டில் கைவிட்டிருப்பார், சீட்டு இருந்திருக்காது. திரும்பக் காசு கொடுத்திருப்பார். வீட்டுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் யாரோ உட்கார்ந்து அந்தப் பதினாறு தையலைப் போட்டிருக்க வேண்டும்.

புது லைனிங் போட்டாயிற்று. பாக்கெட்டை மட்டும் மாற்றவில்லை, அந்தத் தையல் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. வியாழக்கிழமை கோட்டை வாங்க வருகிறார். சீட்டை அவரிடம் காட்டி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவர் வேண்டும் என்றால் அவருக்குத்தான். கொடைக்கானல் தம்பி, அந்தப் பாலியெஸ்டர் உறை இரண்டு விரல் அகலத்தில் கிடைக்குமா, நானே வெட்டிக்கொள்ள வேண்டுமா? வியாழனுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.